வளர்கிற காலுக்கு

மிஸ் யாரையும் முகத்தை வைத்து அடையாளம் கண்டதில்லை. லிஃப்ட் கதவு திறக்கும்போது தலையைக் குனிந்தபடிதான் நிற்பார். உள்ளே இருக்கும் செருப்புகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இன்னா நித்யாப்பா, இன்னிக்கி ஆபீஸ் லேட்டா?" என்பார். அதற்குப் பிறகுதான் தலை நிமிரும். புதுச் செருப்பு போட்டிருந்தால் என்னை ஒரு கணம் அந்நியனைப் போலப் பார்த்ததும் உண்டு.

அடையாறில் நாங்கள் இருக்கும் அடுக்ககத்தில் எங்களுக்கு நேர் மேல்வீடு அவருடையது. பிறந்து வளர்ந்தது சாந்தோம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு சிறிய பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. எடுத்தார். அங்கே படித்த பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, வாட்ச்மேன் முதல் சங்கச் செயலாளர் வரை எல்லோருக்கும் அவர் மிஸ். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். கேட்டதில்லை.

எல்.கே.ஜி. மிஸ்ஸின் வேலையில் பாதி ஷூ லேஸ் கட்டுவது. ஒரு பிள்ளை அழுதுகொண்டு வந்து நிற்கும். அதன் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, இன்னொரு பிள்ளையை அதட்டியபடியே முடிச்சுப் போட்டு அனுப்ப வேண்டும். அந்தப் பழக்கம் அவரை விட்டுப் போகவே இல்லை. யார் காலையும் சட்டென்று பிடித்துவிடுவார். ஒருமுறை தண்ணீர் லாரி விஷயமாகக் கீழே கூட்டம் நடந்துகொண்டிருந்தது. பேசிக்கொண்டிருந்த செயலாளரின் செருப்பு வார் அறுந்து தொங்கியது. மிஸ் எழுந்து போய், தரையில் உட்கார்ந்து, அவர் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தன் புடவையிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றி வாரில் குத்தினார். அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் செயலாளர். பேச்சை நிறுத்திவிட்டு, ஒற்றைக் காலில், கூப்பிய கைகளோடு நின்றார். மிஸ் நிமிர்ந்து, "நீங்க பேசுங்க சார், லாரி வருமா வராதா?" என்றார்.

நம் வீடுகளில் கால் தெரியாமல் ஒருவர் மேல் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். என் மனைவிக்கு மிஸ் செய்வது பெரிய சங்கடம். "உங்க வயசென்ன மிஸ், எங்க காலைப் போய்த் தொடறீங்களே" என்று ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டாள்.

"தொட்டா இன்னாம்மா? கையத் தொட்டா சும்மா இருக்கீங்க. கால் மட்டும் இன்னா பாவம் பண்ணிச்சு? பெரிய வியாழன் அன்னிக்கி எங்க கோயில்ல சாமியாரே உக்காந்து கால் கழுவுறார். நான் வெறும் சாக்ஸ் தானே போட்டு விடறேன்."

சாக்ஸ் பின்ன ஆரம்பித்தது ஊரடங்குக்குப் பிறகு. மூடிய பள்ளிக்கூடம் மறுபடி திறக்கவில்லை. காலையில் எழுந்தால் போக இடமில்லை, பிடிக்கக் கால்கள் இல்லை. யாரோ அனுப்பிய வீடியோவில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் ஊசி வைத்துப் பின்னுவதைப் பார்த்திருக்கிறார். அடுத்த வாரம் தி.நகருக்குப் போய் ஒரு பை நிறையக் கம்பளி நூலும், இரண்டு பக்கமும் கூரான சின்ன ஊசிகளும் வாங்கி வந்துவிட்டார். "மெட்ராஸ்ல யாரு மிஸ் கம்பளி போடுவாங்க?" என்று வாட்ச்மேன் சிரித்தார். "ஸ்வெட்டர்னா குளிர் வேணும். சாக்ஸுக்குக் கால் இருந்தாப் போதும்" என்றார்.

மாலையில் எங்கள் பால்கனியில் நின்றால் மேலிருந்து அந்த வெள்ளைக்கார அம்மாளின் ஆங்கிலமும், நடுநடுவே மிஸ்ஸின் குரலும் கேட்கும். தன் வகுப்புப் பிள்ளையிடம் பேசுவது போலத்தான் பேசுவார். "மெதுவா, மெதுவா. இன்னும் ஒருவாட்டி காட்டு. கைய மறைக்காத." நேராகப் பின்னிக்கொண்டு போவது அவருக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. குதிகாலில் நூலைத் திருப்புகிற இடம்தான் வரவில்லை. பின்னுவார், பிரிப்பார். எங்கள் கொடியில் காயும் துணிகளின் மேல் நீலத்திலும் மஞ்சளிலும் நூல் துண்டுகள் விழுந்து கிடக்கும். மூன்று மாதம் கழித்து ஒரு மாலை மேலேயிருந்து, "திரும்பிச்சு, திரும்பிச்சு" என்று சத்தம் கேட்டது. யாரோ ரிவர்ஸில் வண்டி எடுக்கிறார்கள் என்று என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

முதல் ஜோடி எனக்கு. அளவு எடுக்க டேப் வேண்டாமா என்று கேட்டேன். "கை இருக்கே" என்று என் காலை வாங்கிக்கொண்டார். ஐம்பதை நெருங்கும் ஆண் ஒருவன், சோபாவில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டு அம்மாளின் மடியில் காலை வைத்துக்கொண்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகள் நித்யா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

சாக்ஸ் வந்தபோது எனக்கு மிகவும் பெரிதாக இருந்தது. விரல்களுக்கு முன்னால் ஒரு காலிப் பை தொங்கியது. மிஸ் குனிந்து கட்டைவிரலால் அந்த முனையை அழுத்திப் பார்த்து, "கரெக்டா இருக்கு" என்றார்.

"பெருசா இல்ல, மிஸ்?"

"வளர்ற கால். கொஞ்சம் இடம் விடணும்."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. ஜூன் மாதத்தில் புது ஷூ வாங்கும்போது அடுத்த ஜூனுக்கும் சேர்த்து இடம் விட்டு வாங்குகிற கை அது. ஆனால் அவர் மாற்றிக்கொள்ளவில்லை. செயலாளருக்கும் அப்படித்தான், வாட்ச்மேனுக்கும் அப்படித்தான். சாக்ஸ் காலைவிடக் கொஞ்சம் சின்னதாக இருக்க வேண்டும், போடும்போது இழுத்துக்கொள்ளும் என்று அந்த வெள்ளைக்கார அம்மாள் சொல்லியிருக்கிறாள். "அந்தம்மாவுக்குக் கொழந்தைங்களப் பத்தித் தெரியல" என்று மிஸ் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

இதையெல்லாம் சிரிப்பாக எழுத முடிகிறது. நித்யா விழுந்த பிறகு நடந்ததை அப்படி எழுத முடியவில்லை.

அப்போது அவள் கல்லூரியில் இரண்டாம் வருடம். ஒருநாள் காலை, பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றாள். மதியம் படியில் கால் மடங்கியது. மறுநாள் அவளால் நிற்க முடியவில்லை. ஏதோ ஒரு காய்ச்சலுக்குப் பிறகு உடம்பு தன் நரம்புகளையே எதிரியாக நினைத்துத் தாக்குகிற நோய் என்று மருத்துவர் விளக்கினார். உயிருக்குப் பயப்பட வேண்டிய வாரங்களை ஆஸ்பத்திரியில் கழித்துவிட்டு, சக்கர நாற்காலியில் வீட்டுக்கு வந்தாள். இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. கீழேயிருந்து ஏறிய நோய் மேலேயிருந்து இறங்கும், பாதம்தான் கடைசி, எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார்கள். தொட்டால் தெரியாத அந்தக் கால்கள் சித்திரை வெயிலிலும் சில்லிட்டுக் கிடந்தன.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்து அழுதார்கள், அல்லது அழாமல் இருக்கப் பாடுபட்டார்கள். மிஸ் வழக்கம்போல முகத்தைப் பார்க்கவில்லை. நேராக வந்து தரையில் உட்கார்ந்து காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணுமே தெரியல மிஸ்" என்றாள் நித்யா.

"உனக்குத் தெரியலன்னா இன்னா, எனக்குத் தெரியுது. ஐஸ் மாதிரி கீது. இப்பத்திக்கு நான் பாத்துக்கறேன்."

அன்று அவள் வீட்டுக்கு வந்த பிறகு முதல்முறையாகச் சிரித்தாள். நான் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

கடையில் வாங்கிய சாக்ஸின் எலாஸ்டிக் அவள் கணுக்காலில் பதிந்து சிவந்து போனது. அவளுக்குத் தெரியவில்லை, நாங்களும் இரண்டு நாள் கவனிக்கவில்லை. அதற்குப் பிறகு மிஸ்ஸின் சாக்ஸ்தான். அவருடைய தொளதொளப்பு எங்கும் பிடிக்கவில்லை, எங்கும் பதியவில்லை. தசை வற்றிய கால்களில் அது இன்னும் பெரிதாகத் தெரிந்தது. தினமும் காலையில் பயிற்சி கொடுக்க வருபவர், தரையில் வழுக்கும், நிற்கும்போது சாக்ஸ் கூடாது என்று சொல்லிவிட்டார். அவர் வருகிற நேரத்துக்கு மிஸ் வந்து கழற்றுவார், போனதும் போட்டுவிடுவார். "பி.டி. பீரியட் முடிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டே வருவார்.

போட்டுவிட்ட பிறகு பாதத்தை அடியிலிருந்து மேலாக ஒருமுறை தேய்த்து, "குத்துதா?" என்பார்.

"இல்ல மிஸ்."

"சரி."

அந்த நூல் உண்மையிலேயே குத்தக்கூடியது. மலிவான முரட்டுக் கம்பளி, கையில் வைத்தாலே அரிக்கும். இந்தப் பெண்ணுக்கு இதையா போடுவது என்று நான் பொருமினேன். தடவினால் பூனைக்குட்டி போலிருக்கும் ஒரு நூலை எங்கிருந்தோ வரவழைத்துக் கொடுத்தேன். மிஸ் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு பையில் போட்டுக்கொண்டார்.

"இது அப்புறம், நித்யாப்பா. மொதல்ல அவ இத வேணாம்னு சொல்லட்டும்."

அவர் ஒரு புகாருக்காகக் காத்திருந்தார். எனக்கு அப்படிக் காத்திருக்கத் தெரியவில்லை. நான் பேனா முனையை வைத்து அவள் உள்ளங்காலைத் தொட்டுக்கொண்டே இருந்தேன். இங்கே? இங்கே? ஒருநாள் அவள் கத்திவிட்டாள். "நீ டெஸ்ட் வைக்காதப்பா. ஒவ்வொரு தடவையும் நான் ஃபெயிலாகறேன்." மிஸ் அறையில்தான் இருந்தார். என் கையிலிருந்த பேனாவை, பிள்ளைகளிடம் வாங்குவது போல வாங்கி வைத்துக்கொண்டார்.

அந்த மழைக்காலத்தில் ஒரு காலை, பயிற்சிக்கு நேரமாகியும் சாக்ஸைக் கழற்ற மிஸ் வரவில்லை. மேலே போய் அழைப்பு மணியை அடித்தேன். தூக்கத்திலேயே போயிருந்தார்.

அவர் தங்கை கோடம்பாக்கத்திலிருந்து வந்தார். அடுக்ககத்தின் கீழே, கார்களை வெளியே எடுத்துவிட்டு, பெட்டியில் வைத்தார்கள். வெள்ளைப் புடவை, கையில் ஜெபமாலை, காலில் வெள்ளை நைலான் சாக்ஸ். அவர்கள் வழக்கம் அது. எல்லோரும் தலைமாட்டில் கூடி முகத்தைப் பார்த்தார்கள். சக்கர நாற்காலியில் இருந்த நித்யாவுக்கு நேராக இருந்தது கால்மாடு.

"அப்பா, அந்த சாக்ஸ் அவங்களுக்குப் பத்தல. விரல் மடங்கியிருக்கு பார்."

உண்மைதான். அவர் பின்னியதில் ஒன்றைப் போடலாம் என்று தங்கை மேலே போய்த் தேடிவிட்டு வந்தார். முடிந்தவை எல்லாம் யார் யாருக்கோ கொடுத்தாகிவிட்டது. ஊசியில் பாதியில் நின்ற ஒன்றுதான் இருந்தது.

"என்னுதக் கழட்டிப் போடுப்பா" என்றாள் நித்யா.

என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். போகிறவரோடு இருக்கிறவரின் துணியை அனுப்பக் கூடாது. அவள் வீட்டில் அப்படி, என் வீட்டிலும் அப்படித்தான். "வேணாங்க. பிள்ளை கால்ல போட்டது மண்ணுக்குள்ள போறதா? அந்தக் காலு இன்னும்..." என்றாள்.

தங்கை அதைக் கேட்டுவிட்டார். "எங்கள்ல அப்படியெல்லாம் ஒண்ணும் கெடையாதுங்க. ஆனா ஒங்களுக்குச் சங்கடம்னா வேணாம். அக்கா ஒண்ணும் நெனச்சுக்க மாட்டா."

"அப்பா, எனக்கு எப்படியும் தெரியாது. அவங்களுக்கு இறுக்குது" என்றாள் நித்யா.

இறந்தவருக்கு இறுக்காது என்று சொல்லியிருக்கலாம். நான் படித்தவன், சகுனம் பார்க்கிறவன் இல்லை என்று எப்போதும் சொல்லிக்கொள்கிறவன். மனைவியின் பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொண்டேன். நித்யாவின் காலிலிருந்து இரண்டையும் கழற்றினேன். பிறகு கால்மாட்டில் குனிந்து நைலானை உருவினேன்.

எல்லோருடைய காலையும் பார்த்தவரின் காலை நான் அதுவரை பார்த்ததே இல்லை. குதிகால் முழுக்கப் பித்தவெடிப்பு. வலது சுண்டுவிரல் பக்கத்து விரலின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. யாரும் அந்தக் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள் என்று தோன்றியது. கம்பளி சாக்ஸ் தடையில்லாமல் ஏறியது. விரல்கள் நிமிர்ந்துகொண்டன. அன்று மாலை மயிலாப்பூர்ப் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில், ஈர மண்ணுக்குள் அவரோடு அவையும் போயின.

அதற்குப் பிறகு வந்த மாதங்களை நான் எப்படிக் கடந்தேன் என்று என் மனைவிக்குக் கூடச் சொன்னதில்லை. நித்யாவின் தொடைகளில் பலம் வந்தது. முழங்கால் வந்தது. வாக்கரைப் பிடித்து நின்றாள், பிறகு கைத்தடி, பிறகு சுவர், பிறகு ஒன்றுமில்லாமல். கல்லூரிக்கும் திரும்பிப் போனாள். எல்லோரும் வாழ்த்தினார்கள். ஆனால் பாதம் மட்டும் வரவில்லை. பஞ்சு மேல் நடக்கிற மாதிரி இருக்கிறது என்பாள். செருப்பு கழன்று பின்னால் கிடக்கும், அவள் பாட்டுக்கு நடந்து போவாள். ஒருநாள் சாப்பிட வந்து உட்கார்ந்தாள். அறையிலிருந்து மேசை வரைக்கும் தரையில் சிவப்புப் பொட்டுகள். உள்ளங்காலில் ஒரு குண்டூசி முழுதாக ஏறியிருந்தது. "என்னப்பா, எல்லாரும் ஏன் இப்படிப் பாக்கறீங்க?" என்றாள்.

மருத்துவர் சொன்னதெல்லாம் எனக்குப் புரிந்துதான் இருந்தது. நரம்பு வளர நாளாகும், சில இடங்கள் வளராமலும் போகலாம். ஆனாலும் அப்படி ஒவ்வொரு தடவையும் என் மனம் அந்த மண்ணுக்கடியில்தான் போய் நின்றது. அந்தக் கால்களை நானே என் கையால் அனுப்பிவிட்டேனோ என்று பயந்தேன். அந்தப் பயத்தை யாரிடமாவது சொல்லலாம் என்றால், சொல்லக்கூடிய ஒரே ஆள் மிஸ்தான். கேட்டுவிட்டு, "இன்னா நித்யாப்பா, எல்.கே.ஜி. புள்ள மாதிரி பேசிக்கினு" என்று சொல்லியிருப்பார். அந்தக் குரலில் அதைக் கேட்க வேண்டும் போல ஏக்கமாக இருந்தது. நான் மொட்டை மாடிக்குப் படியேறி இறங்கும்போதெல்லாம் மேல்வீட்டுக்கு யாரோ குடிவந்து வைத்த புதுச் செருப்புகள் வாசலில் கிடந்தன.

போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மிஸ்ஸின் பிறந்தநாள். பெசன்ட் நகர் கோயிலில் அவர் பெயரில் பூசை வைத்திருப்பதாகச் சொல்லித் தங்கை எங்களை அழைத்திருந்தார். என் மனைவிக்கு உடம்பு சரியில்லாததால் நானும் நித்யாவும் மட்டும் போனோம். பூசை முடிந்து வெளியே வந்தபோது வெயில் ஏறியிருந்தது. கொஞ்சம் கடலைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றாள். குப்பத்துப் பக்கமாக, படகுகளைத் தாண்டி நடந்தோம். படகு நிழலில் ஓர் அம்மாள் கூடையில் மீனை வைத்துக்கொண்டு ஈயோட்டிக் கொண்டிருந்தார்.

நித்யா படகைப் பிடித்துக்கொண்டு ஒரு ஷூவைக் கழற்றினாள். பிறகு இன்னொன்றை. இரண்டையும் என்னிடம் நீட்டினாள்.

"ஷூவைப் போடு. மணல் கொதிக்குது நித்யா. கொப்புளம் வந்தாக்கூட உனக்குத் தெரியாது."

"பத்தடி தானப்பா."

"சொன்னாக் கேளு."

அவள் கேட்கவில்லை. ஷூக்களை என் கையில் திணித்துவிட்டு நடந்தாள். நான் பின்னால் ஓட எடுத்த நேரத்தில் அவள் நின்றாள். வலது காலைத் தூக்கினாள். வைத்தாள். இடது காலைத் தூக்கினாள். திரும்பி என்னைப் பார்த்தாள். குழந்தையாக இருந்தபோது புதிதாக எதையாவது வாயில் வைத்துவிட்டுப் பார்ப்பாளே, அந்த முகம்.

"அப்பா, சுடுதுப்பா."

பிறகு அவள் ஓடினாள். நோய்க்குப் பிறகு அவள் ஓடி நான் பார்த்ததில்லை. கோணலாக, கையை விரித்து, ஒவ்வோர் அடிக்கும் ஐயோ ஐயோ என்று சொல்லிக்கொண்டு ஈர மணலை நோக்கி ஓடினாள்.

எனக்கு அப்போதே திரும்பி வீட்டுக்குப் போய், படியேறி, மேல்வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் போலிருந்தது. அவர் எங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார். அவள் காலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, மணலைத் தட்டிவிட்டு, எந்த இடத்தில் சுட்டது, இங்கேயா, இங்கேயா என்று விரல் விரலாகக் கேட்பார்.

"இன்னா சார் நீ" என்றது ஒரு குரல். மீன்காரம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "பொண்ணு காலு பொசுங்கிப் போயி குதிச்சிக்கினு ஓடுது. நீ ஷூவ கையில வெச்சிக்கினு சிரிச்சிக்கினு நிக்கிற."

"அவளுக்குச் சுடுதாம், அம்மா" என்றேன்.

"மே மாசத்து மணலு, சுடாம?" என்று சொல்லிவிட்டு, அவர் கூடைப் பக்கம் திரும்பி ஈயை ஓட்டினார்.